மொரேனாவுக்குக் குளிருது

பாலர் பள்ளிக்காரர்களுக்கு என்ன, சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. குளிர்காலமும் சாவும் ஊரைவிட்டுப் போகக் கொளுத்தி ஓடையில் எறிகிற வைக்கோல் பொம்மை மொரேனா, வீட்டுக்கு ஒன்று வேண்டும், பிள்ளைகளே தங்கள் கையால் செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஐந்து வயதுப் பிள்ளை கையால் என்ன ஆகும்? தோரோதா பசையைத் தலைமுடியில் தடவிக்கொண்டாள். வைக்கோலும் மரக்கரண்டியும் திரைச்சீலைத் துண்டுகளுமாகச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து முதுகு ஒடிந்தது அம்மா யார்மிலாவுக்குத்தான்.

"இந்த மூஞ்சியப் பாத்தா குளிர்காலம் பயந்து ஓடாது, சிரிச்சிக்கிட்டே இங்கயே தங்கிடும்" என்றான் அவள் கணவன் விலியம்.

"வாய் பேசுற நேரத்துக்கு வந்து நூலப் பிடிங்க."

உள்ளறையில் சின்னவன் தமியான் இருமினான். முதல் பனி விழுந்ததிலிருந்தே இந்த வறட்டு இருமல்தான். இன்றோடு குளிர்காலப் பீடை ஒழிந்தால் பிள்ளைக்கும் விடியும் என்று யார்மிலா மனதார நம்பினாள். படித்தவள்தான். ஆனாலும் பிள்ளை இருமும்போது படிப்பு எந்த மூலைக்கு?

"அம்மா, இவ குளிருதுங்கறா" என்றாள் தோரோதா.

"அவதான்டி குளிர்காலமே. அவளுக்கு எங்கேர்ந்து குளிரும்?"

"குளிருதாம். கேட்டுக்கிட்டே இருக்கா."

"கந்தல் இருக்கு, சுத்தி விடு. நம்ம போட்ட துணி எதையும் அவளுக்குப் போடக் கூடாது, துணிக்காரங்களையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிடுவா, தெரியும்ல?"

தோரோதா தலையாட்டிவிட்டு, தம்பிக்குக் காட்டப்போவதாகச் சொல்லிப் பொம்மையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது மொரேனா கழுத்துவரை கந்தல் சுற்றிக் கொஞ்சம் பருத்திருந்தாள். ஊர்வலத்துக்கு நேரமாகிவிட்டதால் யார்மிலா பிரித்துப் பார்க்கவில்லை. விலியமைத் தமியானுக்குத் துணையாக விட்டுவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

ஓடைக்கரையில் பிள்ளைகள் பாடினார்கள். அம்மாக்கள் பொம்மைகளைக் கொளுத்திக் கொடுக்க, பிள்ளைகள் தண்ணீரில் எறிந்தார்கள். எல்லாம் வைக்கோல் பொம்மைகள், மிதந்து போயின. தோரோதாவுடையது மட்டும் கல்லைப் போல முங்கியது.

"திரும்பிப் பாக்காம நடங்க!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். சொல்லவே வேண்டியதில்லை. பார்த்தவர் பின்னாலேயே மொரேனா வீட்டுக்கு வந்துவிடுவாள் என்பது ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

பாலத்தை நெருங்கும்போது தோரோதா சந்தோஷமாகச் சொன்னாள்: "இனிமே அவளுக்குக் குளிராதும்மா. உள்ள தம்பி பனியனப் போட்டுவிட்டேன்."

"எந்தப் பனியன்?"

"போட்டிருந்தானே, அது. அவ கேட்டா. அவனே கழட்டிக் குடுத்தான்."

யார்மிலா அப்படியே நின்றாள். அப்போதுதான் முதுகுக்குப் பின்னால், ஓடைப் பக்கமிருந்து, அந்த இருமல் கேட்டது. அதே வறட்டு இருமல். அதன் முடிவில் வரும் மெல்லிய இழுப்பும் அதேதான். கூட வந்தவர்கள் யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை, சிரித்துப் பேசிக்கொண்டே போனார்கள். ஓடிப்போய்த் தண்ணீரில் இறங்கினால் பனியனை எடுத்துவிடலாம். ஆனால் அதற்குத் திரும்ப வேண்டும். திரும்பினால் சாவைக் கையோடு கூட்டிப்போய், படுத்திருக்கும் பிள்ளையிடம் விட்டது போலாகும். இருமல் மறுபடி கேட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, பெண்ணை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். பிள்ளைக்காகத்தான் திரும்பவில்லை.

விலியம் வாசலிலேயே நின்றிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"இருமல் நின்னுபோச்சு யார்மிலா! சட்டுனு நின்னுடுச்சு. எப்படித் தூங்குறான் பாரு."

தமியான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அவள் தலையைத் தடவினாள். முடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தலையணையில் கருகிய வைக்கோல் வாசனை அடித்தது. தோளைப் பிடித்து மெல்லத் திருப்பினாள். தூங்கவில்லை, கண்கள் திறந்தே இருந்தன.

"அவ்ளோ கூப்பிட்டேனே," என்றான். "நீ ஏம்மா திரும்பியே பாக்கல?"