ஓரத்தில் நின்ற அன்னமேரி

சூரியநெல்லியில் எதற்குத்தான் பூஞ்சை பிடிக்காது? பாய்க்குப் பிடிக்கும், பெல்ட்டுக்குப் பிடிக்கும், பெட்டியில் மடித்து வைத்த கல்யாணச் சேலைக்கும் பிடிக்கும். இதெல்லாம் தெரிந்த ரிஞ்சுதான், லென்சுக்குள் பூஞ்சை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிவிட்டாள்.

எஸ்டேட் லயத்து வீடுகளில் கல்யாணம், சர்ச்சில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை என்றால் படமெடுக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். பழைய லென்ஸ் மக்கர் பண்ணியதால், கொச்சிக்காரர் ஒருவர் ஆன்லைனில் விற்கப் போட்டிருந்ததைப் பார்த்தாள். அதில் எடுத்ததாக மாதிரிக்கு நாலு படம், ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. தண்ணீர்த் தொட்டி மேட்டில் கிடைக்கிற சிக்னலுக்கு அதற்குமேல் பெரிதாகத் திறக்காது. படத்தில் தேயிலை மலை, நடுவில் கொழுந்து கிள்ளுகிற பெண். அவள் மூக்குத்திகூடத் தெரிந்தது. ஓரங்கள் மட்டும் வெளிறியிருந்தன.

அம்மா இறந்த பிறகு ரிஞ்சுவை வளர்த்த சித்தி அன்னமேரி எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, ஓரமெல்லாம் பூத்துக் கெடக்கு?"

"அது மஞ்சு, சித்தி. நம்ம மலையிலதான எடுத்துருக்கான், மஞ்சு எறங்காமலா இருக்கும்?"

"அதுஞ் சரிதான்."

பனிமூட்டத்தை அங்கே மஞ்சு என்பார்கள். அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்த கண்ணுக்கு வெளுப்பு என்றால் மஞ்சுதான், வேறென்ன தோன்றும்?

சர்ச் திருநாளுக்குப் பங்கு மக்கள் எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்தாள். போனைத் தூக்கினாலே துண்டால் முகத்தை மூடிக்கொள்கிற அன்னமேரியை அன்றைக்கு விடவில்லை.

"எம் மூஞ்சிய எடுத்தா ஒம் பெட்டி வெடிச்சிரும்டி!"

"வெடிக்கட்டும், வா!"

இழுத்து வந்ததில் கடைசி ஓரம்தான் கிடைத்தது. துண்டை இறக்கிவிட்டுச் சிரித்தாள். வாட்ஸாப்பில் படம் எல்லார் போனுக்கும் போனது. எல்லாரும் நல்லாருக்கு என்றார்கள்.

மூன்றாவது வாரம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அன்னமேரி, அடிமாலி ஆஸ்பத்திரிக்குப் போகிற ஜீப்பிலேயே போய்விட்டாள்.

"கல்லறையில அம்மா படத்தப் பெருசாப் பதிக்கணும்க்கா," என்றான் மகன் டிஜோ. "ஆதார்ல இருக்குறது வெறும் கரி. நீ எடுத்ததுதான் ஒண்ணு. பாரு, எப்படிச் சிரிக்கிறாங்க!" அவன் போனில் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், மிளகளவு முகத்தில்.

ரிஞ்சு லேப்டாப்பில் பெரிதாக்கினாள். நடுவில் ஃபாதரின் தாடி முடி ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஓரத்துக்குப் போகப் போக ஆட்கள் கரைந்தார்கள். கடைசியில் ஒரு வெள்ளைத் துண்டு, அதற்குமேல் பழுப்பாக ஒரு தீற்றல்.

"மஞ்சாக்கா?"

"அன்னைக்கு நல்ல வெயிலுடா."

அப்போதுதான் போன் டார்ச்சை லென்சுக்குள் அடித்தாள். கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி உள்ளே சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை. திருநாளன்று எடுத்த மூன்று படமும் ஒரே லட்சணம்.

தேவிகுளத்தில் ஒரு ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் தெளியவைத்துக் கொடுத்தார். கண், மூக்கு, வரிசைப் பல், எல்லாம் இருந்தது. டிஜோ வெகுநேரம் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்காங்க. யாருக்கா இவங்க?"

 சித்திக்கு முன்பல் ஒன்று கிடையாது.

"நீ எடுத்ததையே சின்னதாப் போடச் சொல்லு," என்றான் அவன்.

கல்லறைத் திருநாளன்று எல்லாக் குழிமேடுகளிலும் செவ்வந்தியும் மெழுகுதிரியுமாக இருந்தது. அன்னமேரியின் கல்லில் தபால்தலை அளவுக்கு ஒரு படம். பக்கத்து லயத்து அன்னாள் குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"மஞ்சு படிஞ்சிருக்கு பாரு," என்று முந்தானையால் துடைத்தாள். தெளியவில்லை. எச்சில் தொட்டு இன்னொரு தரம் துடைத்தாள்.

ரிஞ்சு தடுக்கவில்லை. காற்றில் அணைந்துபோன திரியை மறுபடி பற்றவைக்கக் குனிந்துகொண்டாள்.