ஐந்து நிமிஷமும், ஆறு நிமிஷம் பன்னிரண்டு விநாடியும்

தர்ஷினி எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பாள். பிறகு, சரிபார்த்ததே சரிதானா என்று மூன்றாம் தடவை சந்தேகப்படுவாள். பகலில் ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் வேலை. மாலையில் காக்ஸ் டவுனில் பி.எஸ்ஸி. மாலை வகுப்பு. அன்றன்று நடந்ததை மணி, நிமிஷத்தோடு நோட்டில் எழுதாவிட்டால் அவளுக்குத் தூக்கம் பிடிக்காது. அந்தக் குணத்துக்காகவே 1998-ஆம் வருஷப் பட்டிமன்றத்தில் அவள் கையில் ஸ்டாப் வாட்ச்சைக் கொடுத்தார்கள். வகுப்பில் அவளை நம்பி யாரும் எதையும் ஒப்படைத்தது அதுவே முதல் தடவை.

கூடவே பயமும் வந்தது. போன வருஷம் இந்த வேலையைப் பார்த்த சீனு, ஒரே பேச்சுக்கு இரண்டு கணக்குச் சொல்லிச் சண்டை மூட்டிவிட்டான். இந்த வருஷம் அவனுக்கு நாற்காலி அடுக்கும் வேலை.

தலைப்பைக் கொடுத்தவர் பௌதிகம் எடுக்கும் ஓஸ்வால்ட் சார்: 'பிரபஞ்சத்தில் காலம் எல்லோருக்கும் ஒன்றா, ஆளுக்கு ஆள் வேறா?' நடுவரும் அவரே. ஆளுக்கு ஐந்து நிமிஷம். தாண்டினால் ஐந்து மார்க் வெட்டு. கட்டிடத்துக்குப் பின்னாலேயே தண்டவாளம் என்பதால் இன்னொரு விதியும் இருந்தது. ரயில் போனால் பேச்சு நிற்க வேண்டும், ஸ்டாப் வாட்ச்சும் நிற்க வேண்டும்.

காலம் ஒன்றுதான் என்று முதலில் பேசியவள் மௌரீன் அக்கா. பகலில் பள்ளிக்கூட டீச்சர்.

"காலைல எட்டரைக்கு ஸ்கூல் பெல் அடிக்குது. ஹெச்.எம்.முக்கும் அதே எட்டரைதான், ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக்கும் அதே எட்டரைதான். ஆளுக்கு ஒரு எட்டரை வெச்சுக்கிட்டா ப்ரேயரை யாரு நடத்துறது?"

கைதட்டல். நாலு நிமிஷம் ஐம்பது விநாடியில் முடித்துவிட்டாள்.

அடுத்தவன் ரகுராம். டிப்ளமோ முடித்துவிட்டுத் திண்டுக்கல்லிலிருந்து வந்து கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்தவன். "ஓடற ரயில்ல ஒருத்தர், ப்ளாட்ஃபாரத்துல ஒருத்தர். ரெண்டு பேர் கடிகாரமும் ஒண்ணா ஓடாது" என்று அவன் சொல்லி வாய் மூடவில்லை, ஜன்னலுக்கு வெளியே கூட்ஸ் வண்டி வந்துவிட்டது. தர்ஷினி ஸ்டாப் வாட்ச்சை அமுக்கினாள். ரகுராமோ நிற்கவில்லை. சொன்ன உதாரணமே நேரில் வந்திருக்கும்போது எப்படி நிற்பான்? ஜன்னலைக் காட்டிக் காட்டிப் பேசினான். வாய் அசைந்தது, கை பறந்தது, ஒரு சொல்லும் யார் காதிலும் விழவில்லை. கடைசிப் பெட்டி போனதும், "ஆகவே..." என்று தொடர்ந்தான். எதனால் ஆகவே என்று தெரியாவிட்டாலும் எல்லோரும் கைதட்டினார்கள்.

ஓஸ்வால்ட் சார் மார்க்கை அறிவித்தார். ரகுராம் நாற்பத்தொன்று, மௌரீன் முப்பத்தெட்டு.

மௌரீன் அக்கா எழுந்துவிட்டாள். "சார், வண்டி போறப்பவும் இவன் பேசினானே? அதைக் கணக்குல சேருங்க."

"யார் காதுலக்கா விழுந்துச்சு? கேக்காத பேச்சு எப்படிப் பேச்சாகும்?" என்றான் ரகுராம்.

"விழாட்டி என்னடா? உன் தொண்டை காஞ்சுதா இல்லியா?"

"ஒரு சொம்பு தண்ணி குடிச்சான் சார்!" என்று பின்னாலிருந்து சீனு சாட்சி சொன்னான்.

"சும்மா இரு சீனு, நீ நாற்காலியைப் பாரு." ஓஸ்வால்ட் சார் திரும்பினார். "தர்ஷினி, எவ்ளோ நேரம் பேசினான்? ஒரே கணக்குதான் சொல்லணும்."

தர்ஷினி எழுந்தாள். ஸ்டாப் வாட்ச் சரியாக ஐந்து நிமிஷம் காட்டியது. நோட்டிலோ, கைக்கடிகாரத்தைப் பார்த்து அவள் எழுதியிருந்தது ஆறு நிமிஷம் பன்னிரண்டு விநாடி. விதிப்படி முதலாவது சரி. அவன் உண்மையில் பேசிய நேரத்தைப் பார்த்தால் இரண்டாவது சரி. ஒன்றை மட்டும் சொன்னால் மற்றதை மறைத்ததாகிவிடும். சுவரோரம் அடுக்கியிருந்த நாற்காலிகள் அவளையே பார்ப்பது போலிருந்தது.

"சார்... கேட்டுக்கிட்டிருந்த நமக்கு அஞ்சு நிமிஷம். அவருக்கு ஆறு நிமிஷம் பன்னெண்டு செகண்ட்."

"அதெப்படிம்மா ஆளுக்கு ஒரு..." என்று ஆரம்பித்த ஓஸ்வால்ட் சார் பாதியில் நிறுத்தினார். மெதுவாக முகம் மலர்ந்தது. "ரகுராம், இது உன் கட்சிதானே? ஒத்துக்கறியா? ஒத்துக்கிட்டா உன் நேரம் ஆறு பன்னெண்டு. அஞ்சு மார்க் வெட்டு."

ரகுராம் மேஜைமேல் இருந்த பரிசுக் கப்பைப் பார்த்தான். "இல்ல சார். எல்லாருக்கும் ஒரே நேரந்தான். அஞ்சு நிமிஷம்."

"கேட்டீங்களா! காலம் ஒண்ணுதான்னு அவனே சொல்லிட்டான், நான் ஜெயிச்சேன்!" என்று துள்ளினாள் மௌரீன் அக்கா.

"ஒண்ணுதான்னா ஸ்டாப் வாட்ச் சொல்றதுதான் கணக்கு. வெட்டு கிடையாது. கப் அவனுக்கு" என்றார் ஓஸ்வால்ட் சார்.

"ஐயோ, அப்போ வேற வேற சார்! ஆளுக்கு ஆள் வேற!"

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. கடைசியில், காலம் ஒன்றே என்ற தீர்ப்பு மௌரீன் அக்காவுக்கும், கப் ரகுராமுக்கும் போயின. இரண்டு பேருக்குமே முகம் சரியாக இல்லை.

தர்ஷினி ஸ்டாப் வாட்ச்சை மேஜைமேல் வைத்துவிட்டு, அடுத்த வருஷம் நாற்காலிதான் என்று நின்றாள். ஓஸ்வால்ட் சார் அதை எடுத்துத் திரும்ப அவள் கையிலேயே வைத்தார்.

"அடுத்த வருஷமும் நீயேதான்மா. ரெண்டு கணக்கையும் எழுது."

பஸ் ஸ்டாப்பில் ரகுராம் நின்றிருந்தான். பிளாஸ்டிக் கவருக்குள் கப்.

"ஏன் தர்ஷினி ரெண்டு கணக்கு எழுதி வெச்சே?"

"எது தப்புன்னு எனக்குத் தெரியல."

"ரெண்டும் சரிதான். நான் அவ்ளோ நேரம் கத்தினதே அதைத்தானே?"

"அப்போ அதை அங்கியே சொல்லியிருக்கலாமே?"

ரகுராம் கவரை மார்போடு அணைத்துக்கொண்டான். "பஸ் வருது" என்றான்.

பஸ் எதுவும் வரவில்லை.