பாதரின் கதிரை

கிறிஸ்மஸ் ஒளிவிழா நடந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பங்கு மண்டபத்துத் திரைக்குப் பின்னால் நின்று சனத்தை எட்டிப் பார்த்த றொக்சனின் கண்ணில் மூன்றாம் வரிசையில் ஒரு மஞ்சள் தலைத்துணி பட்டது. அஃபி.

அஃபி டோகோ நாட்டுக்காரி. சென்ட் லோரன்ட் பகுதியில் மருந்துப் பெட்டி அடைக்கும் இடத்தில், அவனுடைய அம்மா யோசெப்பின் இருக்கும் மேசையிலேயே வேலை. கிழமை நாட்களில் பெட்டி அடைப்பாள், சனிக்கிழமைகளில் பிரெஞ்சில் நாடகம் எழுதுவாள். இரண்டு நாடகங்கள் நகரத்தில் ஒரு சின்ன அரங்கில் மேடையேறியிருந்தன. மூன்றாவதை, "நீ கோயிலில் நாடகம் போடுகிறவன்தானே, படித்துவிட்டுச் சொல்லு" என்று றொக்சனிடம் தந்திருந்தாள். படித்தான். நன்றாயிருக்கிறது என்று சொன்னான். பிறகு அதைத் தமிழாக்கி, நோட்டீசில் 'எழுத்தும் நெறியாள்கையும்: றொக்சன்' என்று போட்டுக்கொண்டான். அவள் பெயரைப் போட இடமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதே நோட்டீசில் சிற்றுண்டிக்கு றோல்ஸ் செய்து தந்த பதினான்கு பேரின் பெயர் இருந்தது.

"அம்மா, அவவை ஆர் கூப்பிட்டது?" என்று திரைக்குப் பின்னால் நின்ற தாயிடம் கேட்டான்.

"நான்தான். பிள்ளை நாடகம் எழுதியிருக்கிறான் எண்டு சொன்னனான். அவவுக்குச் சரியான சந்தோசம். ஏன்டா முழிக்கிறாய்?"

"அவவுக்குத் தமிழ் விளங்காதே."

"அதுக்கென்ன? வந்த உடன மூண்டு றோல்ஸ் சாப்பிட்டவ."

தமிழ் விளங்காது. அந்த ஒன்றையே றொக்சன் செபமாலை மாதிரி உருட்டிக்கொண்டிருந்தான். ஆனால் கதிரை விளங்குமே.

நாடகம் முழுக்க ஒரு கதிரைதான். வெளிநாடு போன புருசனுக்காகப் பதினொரு வருசம் வெறுமையாகக் கிடக்கும் கதிரை. பிள்ளைகள் நிலத்தில் உட்கார்ந்து சாப்பிடும். மனைவி நின்றபடியே வயதாவாள். கடைசியில் அவன் வந்து கதவைத் தட்டுகிற நேரம், அவள் போய் அந்தக் கதிரையில் உட்காருவாள். விளக்கு அணையும். அஃபி எழுதியது அவ்வளவுதான்.

விழாக்குழுத் தலைவர் கிறகரி அண்ணை ஒத்திகையைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "தம்பி, யேசு பாலன் பிறந்த விழாவில மனுசி புருசன்ர கதிரையில ஏறி இருந்தா சனம் என்ன கதைக்கும்? அதுவும் பாதரின்ர கதிரையில." கைப்பிடி வைத்த கதிரை வேறு கிடைக்காததால் பங்குத் தந்தையுடையதை இரவல் வாங்கியிருந்தார்கள். றொக்சன் அரை நிமிடம்கூட வாதாடவில்லை. அடுத்த ஒத்திகையில் மனைவி சேலைத் தலைப்பால் கதிரையைத் துடைத்தாள், புருசன் உட்கார்ந்தான்.

இன்றும் அப்படியே உட்கார்ந்தான். மண்டபம் அதிரக் கைதட்டல். பாதரே கண்ணைத் துடைத்தார். மஞ்சள் தலைத்துணி மட்டும் அசையவில்லை.

நாடகம் முடிந்ததும் அஃபி மேடைப் படியடிக்கு வந்தாள். பெயரைப் பற்றித்தான் கேட்பாள் என்று அவன் நாலைந்து பதில்களை அடுக்கி வைத்திருந்தான்.

"அவள் ஏன் உட்காரவில்லை?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

றொக்சன் மேடையில் கிடந்த கதிரையைத் திரும்பிப் பார்த்தான்.

"அவளை உட்கார வைக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது." கோபமாகச் சொல்லியிருந்தால் அவனுக்குச் சுகமாயிருந்திருக்கும். அவள் சும்மாதான் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து கிறகரி அண்ணை மைக்கில் முழங்கினார். "சிறந்த நாடக எழுத்தாளர், எங்கட றொக்சன்!" அவன் கையில் ஒரு பரிசுக் கிண்ணம் திணிக்கப்பட்டது.

றொக்சன் மைக்கைப் பிடித்தான். "இது நான் எழுதேல்லை."

மண்டபம் உருகியது. "பாருங்கோ பிள்ளையின்ர தாழ்மையை," என்றார் முன்வரிசை அல்போன்சம்மா. "ஆண்டவர்தான் எழுதினவர் எண்டு சொல்லுறான்." முதலில் தட்டியதைவிடப் பலமாகத் தட்டினார்கள்.

"ஐயோ, இல்லை. களவு. அஃபி எண்ட இந்த அக்கா எழுதினது. முடிவை மட்டும் நான் மாத்தினனான். பயத்தில."

கைதட்டல் பாதியில் நின்றது. அம்மா இருந்த பக்கம் அவன் திரும்பவில்லை. கிண்ணத்தை அஃபியிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. மேடையேறி, அவனைத் தாண்டி, கிறகரி அண்ணையையும் தாண்டிப் போய், பாதரின் கதிரையில் உட்கார்ந்தாள். கைப்பிடிகளில் கைகளை வைத்தாள்.

"விளக்கு," என்றாள் பிரெஞ்சில்.

"தம்பி, வேண்டாம், பாதர் பாக்கிறார்," என்றார் கிறகரி அண்ணை.

சுவிட்ச் றொக்சனின் கையெட்டும் தூரத்தில் இருந்தது. அணைத்தான். ஒருவரும் தட்டவில்லை. கிண்ணத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருட்டில் நின்றான்.