படகுத்துறையில் விட்ட தங்கை

எழுத்தாளருக்கு மூன்று நாளாக இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் ஜன்னலைத் திறக்கத் தோன்றியது. திறந்தால் தெருச் சத்தம் பிடிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம், பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அவரே எழுதிய ‘நிழலாற்று இளவரசன்’ என்ற மாயாஜால நாவல். திருத்திக் கொடுத்தால் மறுபதிப்புப் போடுகிறேன் என்று பதிப்பாளர் சொல்லியிருந்தார். கெடு வெள்ளிக்கிழமை. ஆறு வருஷமாக ஒரு வரிகூடப் புதிதாக வராத மனுஷருக்கு இதுவும் கைநழுவிப் போனால், எழுத்தாளர் என்ற பட்டத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட வேண்டியதுதான்.

நாவலோ படு அறுவை. பக்கத்துக்கு நாலு ‘ஆஹா’, ஐந்து மின்னல். பறக்கும் பாம்புகூடச் செய்யுள் நடையில்தான் பேசியது. “இந்தக் கண்றாவியையா நான் எழுதினேன்?” என்று தலையில் அடித்துக்கொண்டே சிவப்புப் பேனாவால் கீறித் தள்ளினார்.

பழைய கையெழுத்துப் பிரதி எப்போதோ தொலைந்துவிட்டது. அச்சுப் புத்தகத்தைப் பார்த்து முழுவதையும் திரும்பத் தட்டச்சு செய்து கொடுத்தவள் அவருடைய தங்கை. கடைத்தெருவில் அப்பாவின் டைப்பிங், ஜெராக்ஸ் கடையை நடத்துகிறாள். அவள் கொடுத்த தாள்கட்டில்தான் இந்தக் கீறல் எல்லாம் நடந்தது.

பதினோராம் அத்தியாயத்தில் பேனா நின்றுவிட்டது.

‘எட்டாம் நாள் அவள் சாலையைப் பார்க்கவில்லை. படகுக்குள் தேங்கிய தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினாள். பிறகு, துடுப்பை எப்படிப் பிடிப்பது என்று படகுக்காரனைக் கேட்டாள்.’

இளவரசனின் தங்கை. ஆற்றைக் கடக்கக் கூலியில்லாமல் மூன்றாம் அத்தியாயத்தில் அவளைப் படகுக்காரனிடம் பணயமாக விட்டுவிட்டு, ஏழு நாளில் வந்து மீட்கிறேன் என்று இளவரசன் போகிறான். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரே ஒரு பக்கம். உள்ளங்கை கிழிகிறது, படகுக்காரன் ஒரு துணியைத் தூக்கிப் போடுகிறான், ஆறுதல் சொல்லவில்லை. மின்னல் கிடையாது, ஆஹா கிடையாது. எழுத்தாளருக்குக் கண் கலங்கிவிட்டது. அட, இருபத்தாறு வயதில் இப்படி எழுதத் தெரிந்திருக்கிறதே!

கால் தரையில் நிற்கவில்லை. உடனே பதிப்பாளருக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினார். எப்போதும் குறுக்கே பேசுகிற பதிப்பாளர் இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

“சார், இது வேற தரம். மொத்தப் புத்தகத்தையும் இந்தப் பக்கம் மாதிரி ஆக்கிடுங்க. ஒரு மாசம் எடுத்துக்கோங்க. எப்ப எழுதினீங்க?”

“அதெல்லாம் அந்தக் காலத்துலயே எழுதினதுங்க” என்றார் எழுத்தாளர், குரலில் அடக்கம் சொட்டச் சொட்ட.

அந்த ஜோரில், அச்சில் எப்படி இருக்கிறது என்று பார்த்து ரசிக்கலாமே என்று பழைய புத்தகத்தைப் புரட்டினார். பதினோராம் அத்தியாயத்தில் முடிசூட்டு விழா நடந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்தைக் காணோம். முன்னால் தேடினார், பின்னால் தேடினார். பக்கம் இருக்கட்டும், மூன்றாம் அத்தியாயத்துக்குப் பிறகு அந்தப் பெண்ணின் பெயர்கூட எங்கும் இல்லை. இளவரசன் மீட்கவில்லை. எழுதியவர் மறந்தே போயிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனார். தங்கை ஏதோ குத்தகைப் பத்திரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

“பதினோராவது அத்தியாயத்துல ஒரு பக்கம்...”

“ஓ, பாத்துட்டியா?” விரல்கள் நிற்கவில்லை.

“உன்ன யாரு எழுதச் சொன்னா?”

“யாரும் சொல்லல. இப்ப வந்து கூட்டிட்டுப் போவான், அடுத்த அத்தியாயத்துல வருவான்னு பாத்துக்கிட்டே அடிச்சேன். உன் இளவரசன் பாட்டுக்குக் கிரீடத்த மாட்டிக்கிட்டு உக்காந்துட்டான். எனக்கு ஆத்திரமா வந்துச்சு. எழுதிட்டேன். பிடிக்கலன்னா அடிச்சுடு.”

“பதிப்பாளர்கிட்ட நான் எழுதினதுன்னு சொல்லிட்டேனே.”

“சொன்னா சொல்லிட்டுப் போ. யாருக்குத் தெரியப்போகுது?”

வாஸ்தவம்தான், யாருக்கும் தெரியாது. ஆசை நெஞ்சுவரை வந்தது, பொய் சொல்வானேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள்.

“ஆறு மாசம் அப்பா கடையப் பாத்துக்கோ, இந்த நாவல முடிச்சுட்டு வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனியே, ஞாபகம் இருக்காண்ணா? அப்ப எனக்குக் காலேஜ்ல எடம் கெடச்சிருந்துச்சு.”

“நீ சொல்லவே இல்லையே!”

“நீ கேக்கவே இல்லையே.”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. வெயில் அடிக்கிறது என்பதுபோலச் சொன்னாள். நாவல் எழுதியபோதும் அவளை மறந்தார், எழுதி முடித்தபிறகும் மறந்தார். வெட்கத்தில் காது சுட்டது.

அங்கேயே நின்று பதிப்பாளருக்குப் போன் போட்டார். “அந்தப் பக்கம் நான் எழுதினது இல்லைங்க. என் தங்கச்சி எழுதினது.”

“அப்ப மீதியையும் அவங்களையே எழுதச் சொல்லுங்க சார்” என்றார் பதிப்பாளர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

“என்ன சொல்றாரு?”

சொன்னார். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், வலிக்க வலிக்கச் சொன்னார். ஜெராக்ஸ் மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தங்கையின் விரல்கள் முதல்முறையாக நின்றன. பத்திரத்தைச் சேமித்து மூடிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“உக்காரு. நான் சொல்றேன், நீ அடி.”

“எனக்கு ரெண்டு வெரல்லதான் அடிக்கத் தெரியும்.”

“பரவால்ல, மெதுவா சொல்றேன். இளவரசன் ஆத்தங்கரைக்கு வரான். கிரீடம் இல்லாம வரான். வந்து படகுக்காகக் காத்துக்கிட்டு நிக்கிறான்.”

எழுத்தாளர் எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தார். படகு வந்தது. துடுப்புப் பிடித்திருந்தது அவள்தான். அதற்குமேல் விரல் ஓடவில்லை. திரும்பித் தங்கையைப் பார்த்தார்.

“ஏத்திக்குவாளா?”

அவருடைய தோளுக்கு மேலாகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள் அவள்.

“எனக்கே தெரியலண்ணா. மொதல்ல அவன் நிக்கட்டும்.”