ஒரு தூக்குவாளி பருத்திப்பால்

தல்லாகுளத்தில் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலக வராந்தா பெஞ்சில் ரெங்கம்மாள் உட்கார்ந்திருந்தபோது, சூரியபிரகாஷ் கையில் தூக்குவாளியோடு படியேறி வந்தான். அவனுக்கு முன்னால் வாசம் வந்துவிட்டது. சுக்கும் கருப்பட்டியும் தட்டிப்போட்ட பருத்திப்பால் வாசம். அடப்பாவி, அதே வாளியையே தூக்கிக்கொண்டு வருகிறானே என்று நினைத்தாள். பக்கத்திலிருந்த தங்கச்சி மகள் தமிழ்வாணி விருட்டென்று எழுந்தாள்.

"நீ உக்காருடி. வரட்டும்" என்றாள் ரெங்கம்மாள்.

அவன் அவளுடைய கொழுந்தன் மகன். காளவாசலுக்குப் பின்னால் இருக்கிற வீடு, அவள் புருஷன் பஸ் டெப்போவில் ஸ்பேனர் பிடித்துக் கட்டியது. பிள்ளையில்லை. புருஷன் போன பிறகு, சாயங்காலமானால் சூரியபிரகாஷ் இந்த வாளியோடு வாசலில் வந்து நிற்பான். "பெரிம்மா, சூடு ஆறுறதுக்குள்ள குடிங்க" என்று ஆற்றிக் கொடுப்பான், கால் அமுக்குவான், போனுக்குக் காசு போட்டுக் கொடுப்பான். அந்தச் சமயத்தில்தான் தமிழ்வாணியிடமிருந்து போன் வருவது நின்றது. "அவுகளுக்கு ஒங்க வீட்டு மேலதான் கண்ணு. கிடைக்காதுன்னு தெரிஞ்சதும் விட்டுட்டாக" என்றான். ரெங்கம்மாள் நம்பினாள். நாள் பூராவும் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறவளிடம் ஒருத்தன் வந்து பெரிம்மா என்று கூப்பிட்டால் நம்பாமல் என்ன செய்வாள்?

வீட்டை அவன் பேருக்கு எழுதிக் கொடுத்த அன்றைக்கு அவன் பண்ணிய கூத்து இருக்கிறதே! அவள் கொஞ்சம் தயங்கினாள். உடனே பத்திரம் எழுதுகிறவரிடம் சொல்லி ஒரு வரி சேர்க்க வைத்து, தானே உரக்கப் படித்துக் காட்டினான். 'பெரியம்மாவை அவர் ஆயுள் உள்ளவரை என் தாயாகப் பாவித்து, குறைவின்றிக் காப்பாற்றுவேன்.' தாய் என்கிற இடத்தில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவள் அழுதே விட்டாள். அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டாள்.

அதோடு வாளி நின்றது. கீழ்வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, முட்டிவலிக்காரியை மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் ஏற்றினான். சித்திரை வெயிலில் தகரம் கொதித்தது. தண்ணீர்க் குடத்தோடு படியேறும்போதெல்லாம் அவன் குலத்தையே வாய்க்குள் வைது தீர்த்தாள். ஒருநாள் போனைக் கடையில் காட்டியபோது, "அம்மா, இந்த நம்பர யாரோ ப்ளாக் பண்ணி வச்சிருக்காங்க" என்றான் கடைக்காரன். தமிழ்வாணியின் நம்பர். அன்றைக்கு அவள் அழவில்லை. கட்டையில் போவதற்குள் இவன் மூஞ்சியில் கரியைப் பூசாமல் போவதில்லை என்று முடிவு கட்டினாள்.

தமிழ்வாணி கூட்டிப்போன வக்கீல் பத்திரத்தைப் படித்துவிட்டு, பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிக் கைவிட்டால் பத்திரத்தையே ரத்து செய்யச் சட்டம் இருக்கிறது என்றார். அந்த ஒரு வரிதான் பிடி என்றார். ரெங்கம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழ வைக்கச் சேர்த்த வரி அல்லவா அது. மனுப் போட்டாள்; இன்றைக்குத்தான் விசாரணை.

சூரியபிரகாஷ் இப்போது அவள் காலடியில் குந்தி, வாளி மூடியில் பருத்திப்பாலை ஊற்றி ஆற்றினான். "புத்தி கெட்டுப்போச்சு பெரிம்மா. நல்லாத்தான் பாத்துக்கிறான்னு ஆபீசர்ட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. கீழ்வீட்ட இன்னைக்கே ஒழிச்சுத் தாரேன். எம்புட்டுப் பாசமா இருந்தோம்."

கண் கலங்கியிருந்தது அவனுக்கு. சனியன், இப்போதும் அந்தப் பெரிம்மா என்ற சொல்லுக்கு அவளுக்கு உள்ளே என்னவோ இளகியது. அதுதான் அவளுக்கு ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது. மூடியை வாங்கிக் குடித்தாள். இன்னும் ஊற்றச் சொன்னாள். வாளி காலியாகிற வரைக்கும் நிதானமாகக் குடித்து, முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"இனிப்புக் கம்மிடா" என்றாள். "சரி, கையப் பிடி. உள்ள போவோம்."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. தமிழ்வாணி பல்லைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். அவன் ஒரு கையில் காலி வாளியும் மறு கையில் பெரியம்மாவுமாக, கோயிலுக்குக் கூட்டிப்போகிற பிள்ளை மாதிரி நடத்திக்கொண்டு போனான்.

அதிகாரியம்மாள் கோப்பைப் புரட்டினார். "ஏம்மா, இவரு ஒங்களப் பாத்துக்கிறாரா?"

"பாத்துக்கிட்டான் தாயி. கையெழுத்துப் போடுற வரைக்கும்."

அவன் கை அவள் முழங்கையிலிருந்து நழுவியது.

"அந்தப் பத்திரத்துல ஒரு வரி இருக்கு. அத அவனையே படிக்கச் சொல்லுங்க" என்றாள் ரெங்கம்மாள். "நல்லாப் படிப்பான்."

அதிகாரியம்மாள் அவனை ஒருதரம் பார்த்துவிட்டு, பக்கத்தைத் திருப்பி நீட்டினார். அவன் வாங்கினான். "பெரியம்மாவை..." என்றான். மிச்சத்தை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தான்.

"சத்தமாப் படிடா" என்றாள். "அன்னைக்குப் படிச்ச மாதிரி."

ஃபேன் காற்றில் தாள் படபடத்தது. இன்னொரு கையாலும் பிடிக்கப் போனான்; அந்தக் கையில் வாளி இருந்தது. சாய்ந்த வாளியின் விளிம்பிலிருந்து அடியில் தங்கியிருந்த பருத்திப்பால் சொட்டுச் சொட்டாக அவன் வெள்ளைச் சட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது.