மூன்றாவது தட்டு

'இடி' என்று பெயர் வாங்கியவனின் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். விதிக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்பது லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தெரியும். இவ்வளவு மட்டமாக இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

இடி அவனுக்கு மச்சான். முதலில் பேச்சுக்கு மச்சான். பிறகு தங்கையைக் கட்டிக்கொண்டு முறைக்கே மச்சான். இருபது வருடமாக ஒரே ராக் பேண்டில் இருக்கிறார்கள். பேண்டின் பெயர் துரு. மொத்தம் மூன்று பேர். இடி பாடிக்கொண்டே பேஸ் கிட்டார் வாசிப்பான். லீட் கிட்டார், ஒரு பள்ளிக்கூடத்தின் கணக்கு வாத்தியார். வாரம் முழுக்க அடக்கிவைத்த கோபத்தை ஞாயிற்றுக்கிழமை கம்பிகளில் காட்டுவார். மெக்கானிக் டிரம்ஸ். "மெதுவா அடிடா, என் குரல் எனக்கே கேக்கல" என்று இடி கத்துவான். மெக்கானிக்குக்கு மெதுவாக அடிக்கத் தெரியாது. தெரியும் என்று ஒருபோதும் காட்டிக்கொண்டதில்லை.

இருபது வருடத்தில் துரு வெளியிட்ட பாடல்கள் பூஜ்யம். தரத்தில் விட்டுக்கொடுப்பதில்லை என்பது வாத்தியாரின் விளக்கம். எதையும் முடித்ததில்லை என்பது உண்மை.

தொண்டைப் புற்றுக்கு ஆபரேஷன் தேதி குறித்த பிறகுதான் மூவருக்கும் சுறுசுறுப்பு வந்தது. ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு ஒரு வாடகை ஸ்டுடியோவில் 'மூணாம் மாடி'யைப் பதிவு செய்தார்கள். லிஃப்ட் கெட்டுப்போன கட்டடத்தின் வாசலில் நின்று மூன்றாம் மாடிக்காரியைக் கூப்பிடுகிறவனின் பாட்டு. 'இறங்கி வா, இறங்கி வா, ஏறி வர மூச்சில்லை' என்று பல்லவி. மெக்கானிக்கின் தொழில் புலம்பலைக் கேட்டுக் கேட்டு இடி எழுதியது. இந்தக் கரகரப்பை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று ஒலிப்பதிவாளர் அசந்துபோய்க் கேட்டார்.

"ரொம்ப நாளா வளர்த்தேன் சார்" என்றான் இடி.

அவன் வாயால் மெக்கானிக் கேட்ட கடைசி ஜோக் அது.

அதன் பிறகு இடி மகளின் எழுத்துப் பலகையில் பேசினான். எழுதிக் காட்டி, பொத்தானை அமுக்கினால் அழிந்துவிடும். மூச்சு இப்போது கழுத்தின் அடியில் இருந்த துளை வழியாகப் போய் வந்தது. மூடியும் மூடாமலும் அதன்மேல் போட்டுக்கொள்ள, இழை விட்டு நெய்த நீலக்கட்டம் போட்ட ஸ்கார்ஃப் ஒன்றைத் தங்கை தேடிப் பிடித்து வாங்கியிருந்தாள்.

நாலு மாதம் கழித்துப் பாட்டை வெளியிடலாம் என்று முடிவானது. இப்போதெல்லாம் படம் இல்லாமல் பாட்டை யாரும் கேட்பதில்லை என்றார் வாத்தியார். அவருடைய பழைய மாணவி ஒருத்தி மெத்தை விளம்பரங்கள் எடுக்கிறாள். அவளே டைரக்டர் என்றும் முடிவானது. கணக்கில் மூன்று முறை தோற்றதால்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்று அவள் நன்றியோடு சொல்ல, வாத்தியார் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அவளிடம் ஆபரேஷனைப் பற்றிச் சொல்லக் கூடாது என்று இடி சத்தியம் வாங்கியிருந்தான். 'சொன்னா அழுகைப் படம் எடுப்பா. பாட்டு பாட்டா இருக்கட்டும்' என்று பலகையில் எழுதி, இரண்டு பேரும் தலையாட்டும்வரை அழிக்கவில்லை. ஆகவே, பாடகருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, ஒரு மாதம் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று ஒரு கதை தயாரானது. தொண்டையைப் பற்றிய கதை என்பதால் பாதி உண்மை.

படப்பிடிப்பு அன்று காலை தங்கை மெக்கானிக்கின் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் கேட்டதும் ஒன்றுதான்.

"அண்ணா, அவர் முகம் அதுல இருக்கணும். பாடுற மாதிரி. பாப்பா பெரியவளானா காட்ட எங்கிட்ட வேற எதுவும் இல்ல."

சரி என்றான். மச்சானிடம் ஒரு சரி, தங்கையிடம் ஒரு சரி. இரண்டும் ஒன்றோடொன்று மோதும் என்று அப்போது அவனுக்குத் தோன்றவில்லை. லிஃப்ட் மெக்கானிக்குகள் ஒரு நேரத்தில் ஒரு மாடியைத்தான் யோசிப்பார்கள்.

படம் எடுத்த இடம், அவன் லிஃப்ட் பராமரிக்கும் அலுவலகக் கட்டடத்தின் அடித்தள வாகன நிறுத்தம். விடுமுறை நாள் என்பதால் காலியாக இருந்தது. மஞ்சள் கோடுகள், எண்ணெய்க் கறைகள், தூண்களில் எண்கள். டைரக்டர் எல்லாவற்றையும் மெதுவாக ஓடும் காட்சிகளாக எடுக்கப்போகிறாள். அதற்கு ஒரு வழி உண்டு: பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட வேண்டும், அதற்கு ஈடுகொடுத்து வாயசைக்க வேண்டும், பிறகு படத்தைப் பாதி வேகத்துக்கு இறக்கினால் உதடு பாட்டோடு பொருந்தும், உடம்பு மட்டும் தண்ணீருக்குள் இருப்பதுபோல் மிதக்கும்.

ஸ்பீக்கரில் மூன்று முறை கீச்சென்று ஒலி வந்தது. அடுத்து பாட்டு. இரண்டு மடங்கு வேகத்தில் இடியின் குரல் அணில்குஞ்சு மாதிரி இருந்தது. 'றங்கிவா றங்கிவா' என்று அது கத்தியதும் கேமராக்காரர் குனிந்து சிரித்தார். வாத்தியார் சிரித்தார். இடியும் சிரித்தான், தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. அதை மெக்கானிக் மட்டும்தான் கவனித்தான். அவனுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது.

ஐந்து முறை எடுத்தார்கள். ஐந்து முறையும் டைரக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கடைசியில் இடியிடம் வந்து பணிவாகவே சொன்னாள்: வாய் சரியாகத்தான் அசைகிறது, ஆனால் யாரோ ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவதுபோல் இருக்கிறது. வாயசைக்கிறவர்கள் உண்மையிலேயே பாட வேண்டும், அப்போதுதான் கழுத்து நரம்பும் நெஞ்சும் பாட்டுக்குள் வரும். முழுசாகப் பாட வேண்டாம், சும்மா முனகினால்கூடப் போதும்.

இடி தலையாட்டினான். ஆறாவது முறையும் அப்படியேதான் இருந்தது.

அவள் மெக்கானிக்கைத் தூண் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். "தப்பா நினைக்காதீங்க சார். அவர் முகத்த எடுத்துடலாம். நம்ம வாத்தியார் சார் வாயசைக்கட்டும். இவரு கிட்டார் வாசிக்கிற கை மட்டும் போதும்."

"கை மட்டுமா?"

"நல்ல கை சார்."

அவன் நாக்கின் நுனியில் எல்லாம் வந்து நின்றது. ஒரு வாக்கியம் போதும். அவள் கண் கலங்குவாள், முகத்தை வைத்துக்கொள்வாள், அந்த ஸ்கார்ஃபை அவிழ்த்துக் காட்டச் சொல்லிக் கெஞ்சினாலும் கெஞ்சுவாள். மூன்று நாளில் ஊரே அழும். பாட்டை யாரும் கேட்க மாட்டார்கள். சொல்லாவிட்டாலோ, பாப்பா பெரியவளானதும் அப்பாவின் குரலுக்கு வாத்தியாரின் மீசை அசைவதைப் பார்ப்பாள்.

எடுத்ததை ஒரு தடவை காட்டச் சொன்னான், நேரத்தைக் கடத்துவதற்காக. சின்னத் திரையில், இறங்கிய வேகத்தில், இடி நின்றுகொண்டிருந்தான். கீச், கீச், கீச். பாட்டு ஆரம்பித்தது. வாய் திறந்தது. நெஞ்சு அசையவில்லை.

மெக்கானிக் இன்னொரு முறை பார்த்தான். இவன் மூச்சே எடுக்கவில்லை.

இருபது வருடமாக எந்தப் பாட்டுக்கும் மெக்கானிக்தான் குச்சியோடு குச்சி தட்டி நாலு எண்ணுவான். மூன்றாவது தட்டில் இடி மூச்சை இழுப்பான், நாலாவதில் நிறுத்துவான், பிறகு பாட்டு. யாரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அல்ல. மெக்கானிக் ஒருமுறை விளையாட்டுக்கு மூன்றோடு நிறுத்தியபோது, இடி காற்றைப் பிடித்துக்கொண்டு கன்னம் உப்பி நின்றதை வைத்து ஒரு வருடம் கிண்டல் செய்திருக்கிறார்கள். இன்று காலையிலிருந்து அவனுக்காக யாரும் எண்ணவில்லை. ஏதோ ஒரு பெட்டி கீச்சிட்டுக்கொண்டிருக்கிறது.

"அந்தக் கீச்சுச் சத்தம் வேணாம்மா" என்றான் டைரக்டரிடம். "நான் எண்ணுறேன். நாலு தட்டினதும் நீங்க பாட்ட போடுங்க. ஒரே ஒரு தடவ. அப்புறம் கையோ காலோ, உங்க இஷ்டம்."

அவன் டிரம்ஸுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். குச்சிகளைத் தூக்கினான். இடியின் முதுகுதான் தெரிந்தது, ஆனால் அந்த முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

ஒன்று. இரண்டு. மூன்றாவது தட்டில் நீலக்கட்ட ஸ்கார்ஃப் உள்ளே ஒட்டியது. எதிரே லிஃப்டுக்குப் போகும் கண்ணாடிக் கதவின் பிரதிபலிப்பில் மெக்கானிக் அதைப் பார்த்தான். நாலு. அணில்குஞ்சு கத்தத் தொடங்கியது. இடி பாடினான். இருந்த மூச்சையெல்லாம் பாட்டுக்குக் கொடுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது, போன காற்று வாய்க்கு வராமல் துளை வழியாகவே வெளியேறி, ஒவ்வொரு வரிக்கும் ஸ்கார்ஃபைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பாட்டு முடிந்ததும் அவன் குனிந்து இருமினான். மெக்கானிக் ஓடிப்போய், யாரும் பார்க்காதபடி மறைத்து நின்று துளையைத் துடைத்துவிட்டான்.

டைரக்டர் திரையை விட்டு நிமிரவில்லை. "இதுதான் சார். இதத்தான் கேட்டேன்" என்றாள். பிறகு கேமராக்காரரைத் திட்டினாள்: தன்னைக் கேட்காமல் ஃபேன் வைத்தது யார், வைத்ததும் வைத்தீர்கள், முதலிலேயே வைத்திருக்கக் கூடாதா? கேமராக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். "ஏசி காத்துங்க" என்றான் மெக்கானிக். அந்த அடித்தளத்தில் ஏசி கிடையாது.

பாட்டு வெளியானது. முதல் வாரம் எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். அதில் முந்நூறு தடவை மெக்கானிக். 'ஸ்கார்ஃப் செம, எங்க வாங்கினது?' என்று ஒருவர் கருத்துப் போட்டிருந்தார். இடி கடையின் பெயரை எழுதி, 'ரெண்டா எடுங்க, ஒண்ணு சீக்கிரம் ஈரமாயிடும்' என்று பதில் போட்டான்.

தங்கை சமையலறையில் நின்றபடி பார்த்தாள். முதலில் சத்தமில்லாமல், பிறகு சத்தத்தோடு. ஸ்கார்ஃப் மெதுவாக உள்ளே போய், மெதுவாக ஒரு இறக்கைபோல எழுந்தது.

"ஃபேன் இல்லல்ல அண்ணா?"

"இல்லம்மா."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து போட்டாள்.

அடுத்த ஞாயிறு மூவரும் வழக்கம்போல வாத்தியார் வீட்டு மாடியறையில் கூடினார்கள். ஏன் கூடினோம் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. பாட ஆள் இல்லாத பேண்ட் என்ன செய்யும்? இடி பேஸை மாட்டிக்கொண்டு, பழைய இடத்தில், எடுக்காமல் விட்டிருந்த மைக்குக்கு முன்னால் நின்றான். பலகை பையிலேயே இருந்தது.

மெக்கானிக் நாலு தட்டினான். மூன்றில் ஸ்கார்ஃப் உள்ளே போனது. கிட்டார் எழுந்தது. குரல் வரவேண்டிய இடத்தில் புஸ், புஸ் என்று காற்று மட்டும் வந்தது. இருபது வருடமாகக் கத்திக் கேட்டும் மசியாத மெக்கானிக், அது காதில் விழட்டும் என்று அன்று மெதுவாக அடித்தான்.