மரியநாயகத்தின் கறுப்புக் கட்டைகள்

மஹய்யாவச் சிற்றாலயத்தில் இருபது வருஷமாகக் கீபோர்ட் வாசிக்கும் மரியநாயகத்துக்குக் கறுப்புக் கட்டைகளோடு பேச்சுவார்த்தை கிடையாது. பகை ஒன்றுமில்லை. தேவைப்படவில்லை, அவ்வளவுதான். எந்தப் பாட்டையும் வெள்ளைக் கட்டைகளிலேயே வாசிப்பார். பாடுகிறவர்களுக்குச் சுருதி எட்டவில்லையென்றால், கீபோர்டின் மூலையில் ஒரு பட்டன் இருக்கிறது பாருங்கள், அதை அமுக்குவார். விரல்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். சுருதி மட்டும் ஏறும், இறங்கும். இந்த விஷயம் அவருக்கும் பட்டனுக்கும் மட்டும்தான் தெரியும். ஊர் அவரை மாஸ்டர் என்றது.

தங்கை றீற்றாவின் மகள் அனற்றுக்குக் கலியாணம் கூடி வந்தது. அவள் சின்னப் பிள்ளையாக முதல்நன்மை எடுத்த அன்றே, அவள் மணப்பெண்ணாகக் கோயிலுக்குள் நுழையும்போது வாசிப்பது தான்தான் என்று மாமா வாக்குக் கொடுத்திருந்தார். அவர் வாசிக்க, றீற்றா பாட, மச்சான் அன்ட்ரூ மகளைக் கைபிடித்துக் கூட்டி வருவதாக ஏற்பாடு. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் பேசிய கண்டி டவுன் கோயிலில் வெளிக் கீபோர்ட்டுக்கு அனுமதியில்லை. முன்பு யாரோ வயரைச் செருகிக் கோயிலையே இருட்டாக்கிவிட்டார்களாம். அங்கே பழைய பியானோ ஒன்று இருந்தது. மரியநாயகம் போய் அதைச் சுற்றி வந்தார், மூடியைத் தூக்கினார், அடியிலும் குனிந்து பார்த்தார். பட்டன் இல்லை.

மாப்பிள்ளையின் தாய் கலாராணி, சிரமமென்றால் கொழும்பிலிருந்து ஆள் எடுக்கலாம் என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் சுட்டது.

மாஸ்டர் பாடம் படிப்பது ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? ஆகவே குட்ஷெட் பஸ் நிலையத்தில் பஸ் ஏறிப் பிலிமத்தலாவைக்குப் போனார். அங்கே ஒரு துணிக்கடை மாடியில் ஷிராணி மிஸ் ஆரம்ப வகுப்பு நடத்தினார். கதிரைகள் சின்னப் பிள்ளைகளுக்கானவை; உட்கார்ந்தால் மரியநாயகத்தின் முழங்கால்கள் காதைத் தொட்டன.

அவர் வாசித்து முடிக்கும்வரை மிஸ் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு காலமும் 'சி'யிலயேவா இருந்தீங்க, அங்கிள்?"

"பட்டன் இருந்துச்சு, மிஸ்."

எந்தக் கட்டையில் தொடங்கினாலும் டோ ரே மீ வரும், நடக்கத் தெரிந்தால் போதும் என்று மிஸ் விளக்கினார். முழு அடி என்றால் நடுவில் ஒரு கட்டையைத் தாண்டுவது. அரை அடி என்றால் ஒட்டினாற்போல் இருக்கும் கட்டைக்குப் போவது. முழு, முழு, அரை. முழு, முழு, முழு, அரை. போகிற வழியில் கறுப்பு வந்தால் கறுப்பு, வெள்ளை வந்தால் வெள்ளை. 'சி'யில் தொடங்கினால் மட்டும் எல்லாம் வெள்ளையாகவே அமைந்துவிடும். இருபது வருஷம் குடியிருந்த வீட்டுக்கு மாடி உண்டென்று யாரோ வந்து சொன்னமாதிரி இருந்தது மரியநாயகத்துக்கு.

மறக்காமல் இருக்க அதைத் தெருவில் நடந்தே பழகினார். இரண்டு பெரிய எட்டு, ஒரு குட்டி எட்டு, மறுபடி பெரிய எட்டு. கடை வாசலிலிருந்து பார்த்த மருந்துக்கடைக்காரர் ஜமால்தீன் பதறிப்போய், வாதத்துக்கு நல்லதென்று ஒரு போத்தல் எண்ணெயைக் கையில் திணித்தார். காரணம் சொல்ல முடியாமல் மரியநாயகம் வாங்கிக்கொண்டார்.

றீற்றாவின் குரலுக்கு 'எஃப்' பொருந்தியது. அதில் ஒரே ஒரு கறுப்புக் கட்டை. கலியாணத்துக்குள் அதனுடன் சமாதானமாகிவிட்டார்.

கலியாணக் காலையில் கோயிலுக்குள் றீற்றா அவர் காதருகே குனிந்தாள்.

"அண்ணே, ராத்திரியெல்லாம் சொந்தக்காரங்களோட பேசித் தொண்டை கட்டிக்கிச்சு. மூணு இறக்கிக்குங்க."

வழக்கமாகப் பட்டனை மூன்று தரம் அமுக்குகிற வேலைதான் அது. இங்கே பட்டன் இல்லை. கலாராணி, எதற்கும் இருக்கட்டும் என்று, அந்தக் கொழும்பு ஆளையும் விருந்தாளியாகக் கூப்பிட்டிருந்தார். அவர் முன்வரிசையில் விரல்களை நீவிக்கொண்டிருந்தார். கண்ணைக் காட்டினால் எழுந்து வந்துவிடுவார்.

மரியநாயகம் கண்ணைக் காட்டவில்லை. 'எஃப்'பிலிருந்து மூன்று கட்டை இறங்கி 'டி'யில் விரலை வைத்தார். முழு, முழு, அங்கே ஒரு கறுப்பு. அரை, முழு, முழு, முழு, அங்கே இன்னொன்று. அதற்குள் கதவு திறந்து, சனம் எழுந்து நின்றது.

வாசித்தார். கறுப்பு வரும் இடத்திலெல்லாம் நின்று, தேடி, பிறகே தொட்டார். மூச்சு முட்டும்வரை றீற்றா சுரத்தை இழுத்துப் பிடித்தாள். நடுக்கோயிலில் அனற் தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது.

"மாமா தூங்கிட்டாரா?" என்று அன்ட்ரூ பல்லுக்குள் கேட்டார். புதுச் சப்பாத்து அவர் காலைக் கடித்துக்கொண்டிருந்தது.

"இருங்கப்பா, தேடுறாரு."

சுரம் கிடைத்ததும் இருவரும் ஒரு அடி வைத்தார்கள். பிறகு மறுபடி காத்திருந்தார்கள். பார்த்தவர்களுக்கோ அது அரச ஊர்வலம் போலிருந்தது. பலர் கண்ணைத் துடைக்க லேஞ்சியை எடுத்தார்கள். இப்படி ஒரு நடையைத் தான் கொழும்பிலும் கண்டதில்லை என்று கலாராணி பக்கத்தவரிடம் சொல்லி அழுதார்.

பாட்டு முடியப்போகிறது. மரியநாயகம் கடைசிக்கு முந்திய சுரத்தில், அந்த இரண்டாவது கறுப்பில், வந்து நின்றார். அடுத்தது டோ. அரை அடிதான். ஆனால் மேலேயா கீழேயா என்பது அவருக்கு மறந்துபோயிற்று. சுரம் தொங்க, கோயிலே மூச்சைப் பிடித்தது. முன்வரிசை விருந்தாளி தன்னையறியாமல் பாதி எழுந்துவிட்டார். மாப்பிள்ளைக்கு ஒரு அடி தள்ளி அனற் ஒற்றைக் காலில் நின்றபடி, மாப்பிள்ளையைப் பார்க்காமல் பியானோப் பக்கம் திரும்பி, முகத்தை மெல்ல மேலே ஆட்டிக் காட்டினாள்.

மாமா மேலே தொட்டார். அனற் காலைக் கீழே வைத்தாள்.